பழைய கார்களின் அலுமினிய எஞ்சின் பாகங்களில் அரிப்பு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை பல நல்ல எஞ்சின்களைப் பாழாக்கியிருக்கிறது. இரும்பைப்போல் சிவக்காது என்பது மட்டுமே உண்மை. அது வெள்ளைப் பொடியாகவும் சாம்பல் நிறச் சேறாகவும் கரைந்துபோகும். பெரும்பாலும் இது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பாதைகளுக்குள் நடப்பதால், வெளியே அடையாளம் தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

அலுமினியத்தைக் காப்பது அதன் மேலேயே படிந்திருக்கும் ஆக்சைடுப் படலம். சில நானோமீட்டர் தடிமன்தான் இருக்கும். கீறினாலும் காற்று பட்டதும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அமிலம் அதிகமானாலும் கரைந்துவிடும், காரம் அதிகமானாலும் கரைந்துவிடும். பி.எச். அளவு சுமார் 4 முதல் 8.5 வரை இருந்தால்தான் அது நிலைத்திருக்கும். குளோரைடு கலந்த நீர் இந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்து ஊசிக்குழிகளை உண்டாக்கும். செம்பு, பித்தளை, இரும்பு போன்ற உலோகங்கள் அதே நீரில் நனைந்தபடி அலுமினியத்தோடு மின்தொடர்பில் இருந்தால், கரைவது அலுமினியமாகத்தான் இருக்கும். பழைய கார்களில் இந்தச் சேர்க்கைக்குப் பஞ்சமே இல்லை: வார்ப்பிரும்பு பிளாக் (எஞ்சினின் அடிக்கூடு), அலுமினிய சிலிண்டர் ஹெட் (அதன் மேல்மூடி), செம்பு-பித்தளை ரேடியேட்டர், ஈயப் பற்று (சால்டர்), எஃகு ஸ்டட் (ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் மரைத்தண்டு). 1948-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினும், 1970-இல் வந்த டிரையம்ப் ஸ்டாக் காரின் வி8 எஞ்சினும் இரும்பு பிளாக்மேல் அலுமினிய ஹெட் கொண்டவைதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய கார் ஓடுவது குறைவு, நிற்பது அதிகம். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், மாற்றுவதைக் கிலோமீட்டர் கணக்கில் வைத்திருப்பவர்களின் எஞ்சின்தான் முதலில் அரிக்கிறது. கூலன்டில் உள்ள அரிப்புத் தடுப்பான்கள் வண்டி நின்றுகொண்டிருந்தாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். இந்த வேலைக்கு நாட்காட்டிதான் கணக்கு.

எதையும் கழற்றும் முன் இரண்டு சோதனைகள்

எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். முதலில் பி.எச். தாளைக் கூலன்டில் நனைத்துப் பார்க்கவும். புதிய கூலன்ட் வகையைப் பொறுத்து 7.5 முதல் 11 வரை காட்டும். சிலிகேட் என்ற தடுப்பான் கலந்த வகை அலுமினியத்தின்மேல் தனியாக ஒரு காப்புப் படலம் போடுவதால், அதன் கூடுதல் காரத்தன்மை அலுமினியத்தைத் தாக்குவதில்லை. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் வெப்பத்திலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றமடைந்து அமிலங்களாக மாறும்போது அளவு இறங்கும். 7-க்குக் கீழே வந்துவிட்டால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கூலன்டை வெளியேற்றிவிட வேண்டும். நிறம் என்பது தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம். அது தரத்துக்குச் சான்று ஆகாது.

இரண்டாவது, மல்டிமீட்டர் சோதனை. டி.சி. வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் தொடவும். மறுமுனையை ரேடியேட்டர் கழுத்தில் எந்த உலோகத்திலும் படாமல் கூலன்டுக்குள் மட்டும் நனைக்கவும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை அளக்கவும். பிறகு பேட்டரியை இணைத்து, முகப்பு விளக்கு, ஹீட்டர் விசிறி, வைப்பர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு அளக்கவும். கடைசியில் இக்னிஷன் காயிலின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போதும் ஓர் அளவு எடுக்கவும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 0.3 வோல்ட்டைத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கூட்டல் கழித்தல் குறி குழப்பலாம். எண்ணின் அளவை மட்டும் பாருங்கள்.

பேட்டரி இல்லாமலேயே அளவு அதிகமாக இருந்தால், கூலன்டே மின்கலத்தின் திரவம்போல் வேலை செய்கிறது என்று பொருள். சுத்தம் செய்து, புதிய கூலன்ட் ஊற்றினால் சரியாகிவிடும். ஏதாவது ஒரு மின்கருவியைப் போட்டவுடன் அளவு ஏறினால், அந்தக் கருவியின் மின்னோட்டம் திரும்பிச் செல்லச் சரியான பாதை கிடைக்காமல் கூலன்ட் வழியாகப் போகிறது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டைதான் மின்சாரத்தின் ஒரே ஒழுங்கான வழி. பெயின்ட் அடித்துப் புதுப்பித்த கார்களில் இந்தப் பட்டையைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். இரு முனைகளிலும் உலோகம் பளிச்சென்று தெரியுமாறு சுரண்டி, புதிய பட்டை போட்டு, மேலே கிரீஸ் தடவிவிடவும். பின்னாளில் சேர்த்த மின்விசிறியின் எர்த் கம்பியை ரேடியேட்டரிலேயே கட்டியிருந்தால் அதை அவிழ்த்து நேரே பாடியில் கொடுங்கள். மின்கசிவால் வரும் அரிப்பு வேகமானது. புதிய கூலன்டால் அதைத் தடுக்க முடியாது.

அறிகுறி: கூலன்டின் நிறம் மாறிவிட்டது

பழுப்பாக இருந்தால் இரும்பு பிளாக் துருப்பிடிக்கிறது. தடுப்பான்கள் தீர்ந்துவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்தி வேண்டாம். அலுமினியமும் அதே நீரில்தான் இருக்கிறது. சாம்பல் கலந்த வெள்ளைச் சேறு தெரிந்தால் அது அலுமினியத்தின் அரிப்புப் பொருள். ஹெட்டிலிருந்து கரைந்து வந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். ஜெல்லிபோல் கட்டியிருந்தால், இருவேறு வகைக் கூலன்டைக் கலந்திருக்கலாம். அல்லது உறைதடுப்பியை (நீரோடு கலந்து கூலன்டாக்கும் மூலத் திரவத்தை) அளவுக்கு மீறிச் செறிவாக ஊற்றியதால் சிலிகேட் பிரிந்திருக்கலாம்.

எந்த நிறமானாலும் தீர்வு முழுமையான கழுவல்தான். ரேடியேட்டரின் அடித்திருகை மட்டும் திறந்தால் பிளாக்கில் கணிசமான பழைய திரவம் தங்கிவிடும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் திருகையும் திறக்க வேண்டும். அதைத் திறந்தும் எதுவும் வரவில்லையென்றால் மகிழ வேண்டாம். வார்ப்பு மணலும் துருவும் சேர்ந்து துளையை அடைத்திருக்கின்றன. கம்பியால் குத்தித் திறக்கவும். தெர்மோஸ்டாட்டை (சூடேறியபின் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வை) கழற்றிவிட்டு, ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நீரைச் செலுத்தித் தெளிவாக வரும்வரை கழுவவும். கழுவு மருந்து பயன்படுத்தினால் அது அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குமேல் உள்ளே விடக்கூடாது. காஸ்டிக் சோடாவை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். அது அலுமினியத்தைக் கரைத்து, எரியக்கூடிய ஹைட்ரஜனை வெளிவிடும்.

மறுபடி நிரப்பும்போது குழாய்நீர் வேண்டாம். அதில் குளோரைடும் சுண்ணாம்பும் இருக்கும். காய்ச்சி வடித்த நீர் அல்லது அயனி நீக்கிய நீரில், பாதிக்குப் பாதி உறைதடுப்பி கலந்து ஊற்றுங்கள். உறைபனியே விழாத ஊரில் உறைதடுப்பி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அரிப்புத் தடுப்பான்கள் அதோடு சேர்ந்துதான் டின்னில் வருகின்றன. மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் குளிரைத் தாங்குமா என்பது இரண்டாம் கேள்வி. உலோகத்தைக் காக்கும் அளவுக்குத் தடுப்பானே இருக்காது. வெறும் நீர் ஊற்றி ஓட்டப்படும் அலுமினிய ஹெட்டுக்கு ஆயுள் இல்லை.

எந்த வகை என்பதில் என் தேர்வு மாறாதது: செம்பு-பித்தளை ரேடியேட்டரும் ஈயப் பற்றும் உள்ள பழைய காருக்குச் சிலிகேட் கலந்த பாரம்பரிய வகை. கரிம அமில வகையான ஓ.ஏ.டி. கூலன்ட் ஐந்து ஆண்டு வரும் என்பது உண்மைதான். ஆனால் அது அலுமினிய ரேடியேட்டர் கொண்ட பிற்கால எஞ்சின்களுக்காக உருவானது. பழைய பற்றுகளிடமும் பழைய கேஸ்கெட்டுகளிடமும் அதை நம்பி விடுவதற்கு எனக்கு மனம் வராது. சிலிகேட் வகை விரைவில் தீர்ந்துவிடும் என்பதே அதன் குறை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாற்றிவிட்டால் அந்தக் குறை பெரிதல்ல. வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். அது கொடிய நஞ்சு.

அறிகுறி: ஹோஸ் முனைகளிலும் தெர்மோஸ்டாட் கூட்டிலும் வெள்ளைப் பொடி

ஹோஸ் கசிகிறது என்று கிளிப்பை இன்னும் இறுக்குவது வழக்கம். ஹோஸுக்கு அடியில் அலுமினியக் குழாய்முனை குழிகுழியாக அரிந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள ஒடுக்கமான இடுக்கில் நீர் தேங்கி, ஆக்சிஜன் குறைந்து, படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாமல் போவதால்தான் அரிப்பு அங்கே ஆழமாகிறது.

ஹோஸைக் கழற்றி, நைலான் உராய்வுப் பட்டையால் தேய்த்துப் பாருங்கள். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் மெல்லிய அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். குழிகள் ஆழமில்லாமல் இருந்தால் உலோகம் கலந்த எபாக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு உருளையாகத் தேய்த்துவிடலாம். சுவர் மெலிந்திருந்தால் பாகத்தை மாற்றுவதே நல்லது. தெர்மோஸ்டாட் கூட்டின் எஃகு போல்ட்டுகள் சிக்கியிருந்தால் முறுக்கி உடைக்காமல், கீழே ஸ்டட் பற்றிச் சொல்லியிருக்கும் முறையைப் பின்பற்றுங்கள்.

அறிகுறி: எஞ்சின் சூடேறுகிறது, நீர் குறைகிறது, வெளியே கசிவில்லை

இரண்டு சாத்தியங்கள் உண்டு. சேறு அடைத்த ரேடியேட்டர் முதலாவது. ஓடிய பிறகு அதன் முகத்தில் கையை வைக்காமல், அகச்சிவப்பு வெப்பமானியால் பல இடங்களில் அளந்தால் குளிர்ந்த திட்டுகள் தெரியும். அவைதான் அடைபட்ட குழாய்கள். ஆனால் அடைப்பு மட்டும் இருந்தால் நீர் குறையாது, சூடேறிக் கொதித்து வெளியே தள்ளினால் தவிர. நீரும் குறைகிறதென்றால் இரண்டாவதைச் சந்தேகிக்க வேண்டும்: ஹெட்டின் அடிமுகத்தில், நீர்த்துளைகளைச் சுற்றி அரிப்பு ஏற்பட்டு, அது கேஸ்கெட்டின் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகட்டின்) நெருப்பு வளையத்தை, அதாவது சிலிண்டரைச் சுற்றி எரிவாயுவைத் தடுக்கும் விளிம்பை, எட்டிவிட்டது.

உறுதிசெய்ய, எரிந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் நீலத் திரவச் சோதனை போதும். ரேடியேட்டர் கழுத்தில் அதன் குழாயை வைத்து ஆவியை உறிஞ்சும்போது நீலம் மஞ்சளானால், எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது. ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றியதும் முகத்தைச் சுத்தம் செய்து, நேர்ச்சட்டத்தையும் ஃபீலர் கேஜையும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளையும்) கொண்டு நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டமாகவும் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு எங்கும் நுழையாவிட்டால் நிம்மதி. அதற்குமேல் எவ்வளவு பொறுக்கலாம் என்பதை அந்த எஞ்சினின் பணிமனைக் கையேடு சொல்லும். பிறகு அரிப்பின் இடத்தைப் பாருங்கள். இதில் எது எங்கே இருக்கிறது என்பதே எல்லாம். நெருப்பு வளையம் உட்காரும் இடத்துக்கு வெகு தொலைவில், நீர்த்துளையின் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் எபாக்சி தாங்கும். வளையத்தின் கீழ் குழி வந்துவிட்டால் எபாக்சிக்கு வேலையில்லை. அங்கே டிக் வெல்டிங் (மந்த வாயுச் சூழலில் மின்வில்லால் பற்றவைப்பது) செய்து மறுபடி சமன்செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன் அரிந்த பகுதியைப் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை குடைந்தெடுக்காவிட்டால், உள்ளே ஊறியிருக்கும் கிளைக்காலும் ஆக்சைடும் வெல்டைப் பஞ்சுபோல் துளைத்துவிடும்.

முகத்தைச் சீவுவதற்குப் பணிமனைகள் தயாராக இருக்கும். நீங்கள் அவசரப்பட வேண்டாம். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஹெட்டிலேயே இருக்கும் எஞ்சின்களில், வளைந்த ஹெட்டின் அடியை மட்டும் சீவினால் மேலே கேம் தண்டின் தாங்கிகள் வளைந்தபடியே நிற்கும். முதலில் வளைவை நிமிர்த்த வேண்டும். சீவச் சீவ அமுக்க விகிதம் ஏறும், செயின் ஓட்டும் கேமின் நேரமும் மாறும். கடுமையாகச் சூடேறிய ஹெட் தன் கடினத்தன்மையை இழந்து மென்மையாகியிருக்கலாம். அப்படிப்பட்டதைச் சீவிப் பொருத்தினால் கேஸ்கெட் அதில் புதைந்து மீண்டும் கசியும். ஆகவே செலவு செய்யும் முன் உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் சோதனை கேளுங்கள்.

அறிகுறி: நட்டுகள் எல்லாம் கழன்றும் ஹெட் அசையவில்லை

பழைய அலுமினிய ஹெட்டுகளின் மிகக் கடினமான நோய் இது. எஃகு ஸ்டட் அலுமினியத் துளையின் வழியாகப் போகிறது. இடையில் கூலன்ட் கசிந்து இறங்குகிறது. கரைந்த அலுமினியம் ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாறும்போது முன்பிருந்ததைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அந்தப் பொடி இறுகி, ஸ்டட்டையும் ஹெட்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. 1971-இல் வந்த ஜாகுவார் வி12 இதற்குப் பெயர்போனது. டிரையம்ப் ஸ்டாக்கில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது: ஒரு வரிசை செங்குத்தான போல்ட், மறுவரிசை சாய்ந்த ஸ்டட். ஸ்டட்டை எடுக்காமல் ஹெட்டை நேரே தூக்க முடியாது. சிக்கிய ஸ்டட்டோ வராது.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உளியையோ ஸ்க்ரூடிரைவரையோ சொருகி நெம்பாதீர்கள். கேஸ்கெட் முகத்தில் விழும் ஒரு வடுவைச் சரிசெய்ய முழு ஹெட்டையும் சீவ வேண்டியிருக்கும். பொறுமைதான் இங்கே கருவி. ஊடுருவும் எண்ணெயை ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் ஹெட்டைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் ஊற்றினால் பொடி சிறிது சிறிதாக உடையும். எண்ணெய் தீப்பிடிக்கும், திறந்த சுடர் கூடாது, பெட்ரோல் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஸ்டட்டில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, முன்னும் பின்னுமாகச் சிறு அளவில் திருப்பிப் பாருங்கள். ஒரே திசையில் பலம் கொடுத்தால் முறியும்.

எதற்கும் மசியாத ஸ்டட்டுக்குக் கடைசி வழி, அதைச் சுற்றிலும் வெட்டிக்கொண்டு இறங்கும் உட்துளைக் குழாய் வெட்டி. ஸ்டட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள கெட்டியான பொடியை அது குடைந்தெடுத்துவிடும். ஸ்பார்க் பிளக் துளைகளில் பூட்டி, ஸ்டட்களை மிதித்துக்கொண்டு ஹெட்டைச் சமமாக மேலிழுக்கும் தகடுகளும் சில எஞ்சின்களுக்கென்றே செய்யப்படுகின்றன. ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டால் இவற்றுக்குக் கொடுக்கும் வாடகை வீணல்ல.

திரும்பப் பொருத்தும்போதுதான் அடுத்த இருபது ஆண்டு தீர்மானமாகிறது. ஸ்டட்டின் உடம்பை முழுவதும் சுத்தம் செய்து, சிக்கல் தடுக்கும் பசையை மெல்லியதாக, தண்டுப் பகுதி முழுவதும் பூசுங்கள். அலுமினியத்துக்கு நிக்கல் அல்லது அலுமினியம் கலந்த பசையையே நான் விரும்புவேன். செம்புப் பசையில் இருக்கும் உலோகமே அலுமினியத்தின் எதிரி. மரைகளில் பசை பட்டால் உராய்வு குறைந்து, அதே முறுக்கு எண்ணில் போல்ட் அதிகமாக இழுபடும். கையேடு சொல்லும் முறுக்கு உலர்ந்த மரைக்கா, எண்ணெய் தடவியதற்கா என்று பார்த்துக்கொள்ளவும். துருப்பிடிக்காத எஃகு ஸ்டட் போட்டால் பிரச்சினை தீரும் என்று நினைக்காதீர்கள். அலுமினியத்தோடு அதற்கும் மின்வேதிப் பகை உண்டு. சாதாரண வகைக்கு ஹெட்டைப் பிடிக்கும் வலிமையும் இல்லை.

ஸ்பார்க் பிளக் சிக்கினால் எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, எண்ணெய் விட்டு, மெதுவாக முன்பின் திருப்பி எடுக்கவும். முலாம் பூசிய புதிய பிளக்குகளுக்குப் பசை தேவையில்லை.

அறிகுறி: வெளிப்புறத்தில் வெண்படலம், வார்னிஷுக்கு அடியில் புழுக்கோடுகள்

இது அழகுக் குறை, எஞ்சினை நிறுத்தாது. உப்பும் ஈரமும் வார்னிஷின் ஓர் உடைந்த விளிம்பில் நுழைந்து, அடியில் நெளிந்து நெளிந்து ஓடும். வார்னிஷை முழுவதும் நீக்கிவிட்டுத்தான் மறுபடி பூச முடியும். காரத்தன்மை மிகுந்த எண்ணெய்ப்பிசுக்கு நீக்கிகள் அலுமினியத்தைக் கறுக்கவைக்கும், லேபிளைப் படியுங்கள். நீரோடு சேர்த்துக் கண்ணாடிமணி வீசும் முறை வார்ப்பின் தோற்றத்தை நன்றாக மீட்டுத் தரும். ஆனால் எண்ணெய்ப் பாதைகளை அடைத்துவிட்டுச் செய்து, பின்னர் ஒவ்வொன்றையும் பிரஷால் கழுவ வேண்டும். உள்ளே தங்கிய மணிகள் தாங்கிகளை அரைத்துவிடும். முடிந்தபின் மெழுகு பூசினால் போதும்.

அறிகுறி: கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் வெள்ளைத் துகள்

எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நின்றால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, அலுமினியத்தையும் துத்தநாகக் கலவையையும் தின்னும். துகள்கள் ஜெட்டை அடைப்பதால் எஞ்சின் தடுமாறும். கிண்ணத்தைக் கழுவி, ஜெட்டுகளைக் காற்றால் ஊதுங்கள். நிறுத்தி வைக்கப்போகும் முன் எரிபொருளை வடித்துவிடுங்கள்.

நிறுத்தி வைக்கும் காருக்கு

எரிபொருளை வடிப்பதுபோல் கூலன்டையும் வடித்துவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. அது தவறு. ஈரமான உட்சுவர்களும் காற்றும் சேர்ந்தால் அரிப்பு வேகமெடுக்கும். நீர்மட்டம் பாதியில் நின்றாலும் அந்தக் கோட்டில் அதேதான் நடக்கும். புதிய கூலன்டைக் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி வையுங்கள். இடையில் ஸ்டார்ட் செய்வதென்றால் தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டர் முழுவதும் சூடாகும்வரை ஓட்டுங்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைப்பதைவிடச் சும்மா விடுவது மேல்; அரைகுறைச் சூட்டில் எஞ்சினுக்குள் நீர் படிந்து எண்ணெயில் கலக்கும்.

பல ஆண்டு நின்ற காரை எழுப்பும்போது, முதலில் பிளாக்கின் வடிகால் திருகிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளை கூலன்டைப் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைக்கவும். அடியில் சாம்பல் வண்டல் படிந்தால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஓடத் தொடங்கினால் அத்தனையும் ரேடியேட்டருக்குப் போய்விடும். முழுக் கழுவலை முடித்து, தெர்மோஸ்டாட்டையும் ஹோஸ்களையும் புதிதாகப் போட்டு, குளிர்ந்த நிலையிலேயே மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தச் சோதனை செய்து பாருங்கள். அழுத்தம் இறங்காமல் நின்றால் சாவியைத் திருப்பலாம்.